இயேசுவோடு ஒட்டி வைத்திருக்கும் ஆராதனை எது?

செந்தூலில் வளர்ந்து இப்போது பாங்சார் சவுத்தில் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி: "ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடும்போது இயேசு பக்கத்திலேயே நிற்பதுபோல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கே.எல். சென்ட்ரலில் ரயில் மாறும்போது அதில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. எந்த மாதிரி ஆராதனை ஒருவனை இயேசுவோடு நெருக்கமாக வைத்திருக்கும்? நண்பர்கள் ஒரு பெரிய ஆங்கில சபைக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா, நம்ம தமிழ்ச் சபையை விட்டுவிடாதே என்கிறார். என்ன செய்வது?"

தம்பி, நான் மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவன். கோலாலம்பூரில் தமிழ் ஆராதனைகளில் பிரசங்கம் செய்கிறேன், பாடல் குழுவுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் இந்தப் பதிலில் மெதடிஸ்ட் வாசனை கொஞ்சம் அடிக்கும். தெரிந்துகொண்டே படியுங்கள்.

பாடும்போது வருகிற நெகிழ்ச்சி வேறு, இயேசுவில் நிலைத்திருப்பது வேறு. நெகிழ்ச்சி நல்லதுதான், யாரும் அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் அதைக் கொண்டு இதை அளக்க முடியாது. ஞாயிறு ஆராதனை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால், கடைசிப் பாட்டு முடியும்போது கண்ணில் தண்ணீர் வந்ததா என்று பார்க்காதீர்கள். திங்கள் காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த ஆராதனையிலிருந்து உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மனப்பாடமாக ஒரு வசனம் இருக்கிறதா? அறிக்கையிட்டு இறக்கிவைத்த ஒரு பாவம்? ஜெபிக்கிறேன் என்று வாக்குக் கொடுத்த ஒரு ஆளின் பெயர்? இவற்றில் ஒன்றும் இல்லாமல் ராகம் மட்டும் காதில் இருந்தால், செவ்வாய்க்கிழமை அது போய்விடுவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த விஷயத்தில் எல்லோரும் போகிற இடம் யோவான் 15. "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்ற வசனம் நம் ஆட்களில் பாதிப்பேர் வீட்டில் காலண்டராகத் தொங்குகிறது. ஆனால் அதை எப்போது, யாரிடம் சொன்னார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கடைசி இராப்போஜன இரவு அது. 13ஆம் அதிகாரத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவியாயிற்று. யூதாஸ் எழுந்து இருட்டில் போயாயிற்று. மிச்சம் பதினொரு பேர். இன்னும் சில மணி நேரத்தில் இவர்கள் எல்லோரும் தன்னை விட்டு ஓடப்போகிறார்கள் என்று தெரிந்தே "என்னில் நிலைத்திருங்கள்" என்கிறார். ஆக, ஒரு நிமிடம்கூடத் தொடர்பு அறாமல் இருக்கும் பக்த சிகாமணிகளுக்குச் சொன்ன வார்த்தை இல்லை இது. பேதுரு அன்று இரவே மறுதலித்தான். பிறகு 21ஆம் அதிகாரத்தில் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, "வாருங்கள், சாப்பிடுங்கள்" என்று கூப்பிட்டதும் இதே இயேசுதான். செவ்வாய்க்கிழமை ஒன்றும் தோன்றவில்லை என்பதற்காக நீங்கள் அறுந்துவிட்டதாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. கொடி என்றால் நமக்கு வீட்டு வாசலில் இருக்கும் வெற்றிலைக் கொடிதான் ஞாபகம் வரும். அது தனியாக வேர்விட்டு, ஒரு கம்பைப் பற்றிக்கொண்டு ஏறும். கம்பைப் பிடுங்கினாலும் கொடி சாகாது, தரையில் படர்ந்துவிடும். பலருடைய பக்தி இப்படித்தான் இருக்கிறது: என் வேர் எனக்கு, இயேசு பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. பிடி தளர்ந்தால் குற்ற உணர்ச்சி, அடுத்த கன்வென்ஷன் கூட்டத்தில் மறுபடி இறுக்கிப் பிடிப்பது. யோவான் 15இல் வரும் கொடி அப்படிப்பட்டதல்ல. அது தண்டிலிருந்தே முளைத்த கிளை. தனக்கென்று வேர் கிடையாது. வெட்டிப்போட்டால் அந்த மரத்தால் ஏதாவது மாட்டிவைக்க ஒரு முளைக்குச்சிகூடச் செய்ய முடியாது, அடுப்புக்குத்தான் ஆகும் என்று எசேக்கியேல் 15ஆம் அதிகாரமே கேலியாகக் கேட்கிறது. ஆகவே இறுக்கிப் பிடிக்கும் முயற்சி ஆராதனையின் வேலை இல்லை. ஏற்கெனவே இருக்கும் இணைப்பில் சாறு தடையில்லாமல் ஓட இடம் கொடுப்பதுதான் அதன் வேலை.

அந்தச் சாறு எது என்பதையும் அதே அதிகாரம் சொல்லிவிடுகிறது, நாமாக ஊகிக்க வேண்டியதில்லை. ஏழாம் வசனத்தில் "என் வார்த்தைகள் உங்களிலும் நிலைத்திருந்தால்" என்கிறார். பத்தாம் வசனத்தில் கற்பனைகளை, அதாவது அவருடைய கட்டளைகளை, கைக்கொள்வது வருகிறது. பன்னிரண்டாம் வசனத்தில் அந்தக் கற்பனை என்னவென்று வருகிறது: ஒருவரிலொருவர் அன்பாயிருப்பது. இதற்கு முன்பே, ஆறாம் அதிகாரத்தில், தம் மாம்சத்தைப் புசித்து இரத்தத்தைப் பானம்பண்ணுகிறவன் "என்னிலே நிலைத்திருக்கிறான்" என்று சொல்லியிருக்கிறார். வார்த்தை, பந்தி (அதாவது திருவிருந்து), பக்கத்தில் இருக்கும் ஆள். பாட்டு இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பாடல் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கும் நானே சொல்கிறேன். பாட்டு இந்த மூன்றையும் சுமந்து வரும் வண்டி. வண்டி நன்றாக இருக்க வேண்டும்தான், ஆனால் உள்ளே சரக்கு இருக்க வேண்டும்.

பாட்டைப் பற்றியே முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் சண்டை அதைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். 1970களில், பரிசுத்த ஆவியின் வரங்களை அழுத்திச் சொல்லும் கரிஸ்மாட்டிக் எழுப்புதல் மலேசியாவில் பரவியபோது, அதோடு சேர்ந்து இன்று நாம் 'பிரெய்ஸ் அண்ட் வொர்ஷிப்' என்று சொல்லும் முறையும் வந்தது. இடைவிடாமல் அரை மணி நேரம் பாட்டு, முதலில் வேகமானவை, பிறகு மெதுவானவை. பல வொர்ஷிப் லீடர்கள் இதற்கு ஒரு விளக்கமும் கற்றுக்கொடுக்கிறார்கள்: இஸ்ரவேலர் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தில் பிராகாரம் (வெளிமுற்றம்), பரிசுத்த ஸ்தலம், மகா பரிசுத்த ஸ்தலம் என்று இருப்பதுபோல, பாட்டுப் பாட்டாக உள்ளே போகிறோம், கடைசி மெதுவான பாட்டில் தேவ சமுகத்துக்குள் நுழைகிறோம் என்று. கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எபிரெயர் 10ஆம் அதிகாரம், பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும் தைரியம் இயேசுவின் இரத்தத்தினாலே ஏற்கெனவே கிடைத்துவிட்டது என்கிறது. சிலுவையில் அவர் ஜீவனை விட்டபோதே தேவாலயத் திரைச்சீலை மேலிருந்து கீழாகக் கிழிந்துவிட்டது. கிழிந்த திரையை நாம் நான்கு பாட்டுப் பாடித் திறக்க வேண்டியதில்லை. இந்தப் போதனையின் கெடுதல் எங்கே தெரியும் என்றால், தொண்டை சரியில்லாமல் வந்தவன், இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்தவள், முந்தின நாள் வேலை போனவன் எல்லோரும், நான் இன்னும் பிராகாரத்திலேயே நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

சங்கீதம் 22:3ஐயும் இதற்கு அடிக்கடி எடுப்பார்கள்: "இஸ்ரவேலின் துதிகளுக்குள் வாசமாயிருக்கிற தேவரீரே பரிசுத்தர்." துதித்தால் தேவன் இறங்கி வருவார் என்பதற்கு இது ஆதாரமாம். அந்தச் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" இயேசு சிலுவையில் சொன்ன வார்த்தை. தேவன் தூரமாகிவிட்டார் என்று கதறிக்கொண்டிருக்கிற ஒருவன்தான், அந்தக் கதறலின் நடுவில், நீர் துதிகளுக்குள் வாசமாயிருக்கிறவர் என்கிறான். நெருக்கத்தை உணர்ந்ததால் அவன் அதைச் சொல்லவில்லை, உணராமலே சொல்கிறான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை இருட்டிலேயே முடிகிறது, ஒரு அல்லேலூயாகூட இல்லை. இவையும் ஆராதனைப் பாடல்களாகத்தான் தேவாலயத்தில் பாடப்பட்டன. நம் ஞாயிறு பாட்டுப் பட்டியலில் வெற்றியும் ஆசீர்வாதமும் மட்டுமே இருந்தால், செவ்வாய்க்கிழமைக்கு நம்மிடம் பாட்டே இல்லை என்றாகிவிடும்.

சரி, எந்தப் பாட்டு நல்ல பாட்டு? பழைய கீர்த்தனையா, புதுப் பாட்டா என்று நான் பார்ப்பதில்லை. துக்க வீட்டில் பாட முடியுமா என்று பார்ப்பேன். பிளாட்டுக்குக் கீழே பந்தல் போட்டிருக்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மூலையில் மினரல் வாட்டர் பெட்டிகள். கீபோர்டும் கிடையாது, திரையும் கிடையாது. போதகர் ஜாமில் மாட்டிக்கொண்டு இன்னும் வந்து சேரவில்லை. யாரோ ஒரு அத்தை தானாக ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார். சுருதி தூக்கலாக எடுத்துவிட்டிருப்பார், இரண்டாம் சரணத்தில் ஆண்கள் எல்லோரும் தொண்டை வறண்டு திணறுவார்கள். இருந்தாலும் புத்தகம் இல்லாமலே கடைசிச் சரணம்வரை போய்ச் சேர்ந்துவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் உதடும் அசையும். அந்த நேரத்தில் வாயில் வரக்கூடிய பாட்டுக்கு என்ன லட்சணம் என்று யோசித்துப் பாருங்கள். இயேசு என்ன செய்தார் என்று அதில் இருக்கும், நான் எப்படி உணர்கிறேன் என்பது மட்டும் இருக்காது. சரணங்களில் ஒரு கதை நகரும். பழைய கீர்த்தனைகளில் இப்படிப்பட்டவை நிறைய உண்டு, புதுப் பாட்டுகளிலும் உண்டு. பழையதிலும் வெறும் அலங்கார வார்த்தைகள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போது பல தமிழ்ச் சபைகளில் திரையில் பாட்டு வரிகள் ரோமன் எழுத்திலும் வருகின்றன, மலாய்மொழி தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்காக. ஆனால் ஐந்தாறு கீர்த்தனைகளையாவது அம்மாவிடம் கேட்டு மனப்பாடம் பண்ணிவிடுங்கள். செல்போன் இல்லாத நேரத்தில் உதவும்.

இனி பந்தி. இங்கேதான் நம் ஆட்கள் ரொம்பவும் அசட்டையாக இருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மாதம் ஒருமுறை திருவிருந்து, அதுவும் பிரசங்கம் நீண்டுவிட்டால் அவசர அவசரமாக. எம்மாவு கிராமத்துக்குப் போன இரண்டு சீஷர்களின் கதையை லூக்கா 24இல் பாருங்கள். வழியெல்லாம் இயேசு வேதவாக்கியங்களை விளக்கிக்கொண்டு வருகிறார், அவர்களுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. திறந்த உடனே அவர் மறைந்துவிட்டார். அதற்குப் பிறகுதான், வழியில் பேசினபோது நம் இருதயம் கொழுந்துவிட்டு எரியவில்லையா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எரிந்துகொண்டிருந்தபோது அது அவர்களுக்கே தெரியவில்லை! உணர்ச்சி எப்போதும் அந்தந்த நேரத்துக்கு வந்து சேர்வதில்லை. அப்பம் கைக்கு வந்துவிடுகிறது.

இதை நாம் எல்லோரும் 2020இல் பட்டுத் தெரிந்துகொண்டோம். மார்ச் 18ஆம் தேதி கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, ஆலயங்கள் மூடப்பட்டன. அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் தேதி ஈஸ்டர், எல்லோரும் வீட்டில். பாட்டு ஜூமில் வந்தது, பிரசங்கம் யூடியூபில் வந்தது, சொல்லப்போனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று நாட்டுப் பிரசங்கங்களை மாற்றி மாற்றிக் கேட்டவர்களும் உண்டு. பந்தி மட்டும் வரவில்லை. சில சபைகள் வீட்டிலேயே பிஸ்கட்டும் ரிபேனாவும் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் பங்குபெறச் சொன்னார்கள். கத்தோலிக்கர்களும் வேறு சில சபைகளும், கூடிவரும்வரை காத்திருப்போம் என்றார்கள். எது சரி என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. மறுபடி ஆலயம் திறந்து, ஒரு மீட்டர் இடைவெளியில் மாஸ்க்கோடு நின்று அந்தச் சின்னத் துண்டை வாங்கியபோது பெரியவர்கள் அழுதார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பாடாமல் அழுதார்கள். அப்போது சபையாகச் சேர்ந்து பாடுவதற்கும் அனுமதி இல்லை.

அதனால், எந்தச் சபையில் இருந்தாலும், திருவிருந்து ஞாயிறைத் தவறவிடாதீர்கள். அதற்கு முந்தின இரவு ஒரு பத்து நிமிடம் எடுத்து, இந்த மாதத்தில் யாரோடு முகம் திருப்பிக்கொண்டு இருக்கிறேன் என்று பாருங்கள். ஒரு மெசேஜ் அனுப்பிச் சரிசெய்ய முடிந்தால் இரவே அனுப்பிவிடுங்கள். ஆராதனை முறைமையில் பாவ அறிக்கை வரும் இடத்தில், அச்சடித்த வார்த்தைகளைச் சேர்ந்து வாசிக்கும்போது, உங்களுடையதை மனசுக்குள் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அச்சடித்த ஜெபம் உயிரில்லாதது என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். எனக்கென்னவோ, சொந்த வார்த்தைகள் வறண்டுபோன நாளில் அதுதான் கைகொடுக்கும் என்று தோன்றுகிறது. பிரிக்பீல்ட்ஸில் சீயோன் லூத்தரன் ஆலயமும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு ஞாயிறு லூத்தரன் ஆராதனையில் போய் உட்கார்ந்து பாருங்கள். சங்கீதமும் பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் எங்கெங்கே வருகின்றன என்று கவனித்தாலே, ஆராதனை என்பது பாட்டும் பிரசங்கமும் மட்டுமில்லை என்று தெரிந்துவிடும்.

மெளனமும் ஒன்று உண்டு, நம் புரொட்டஸ்டண்ட் ஆட்களுக்கு அது வராது. ஜெபத்துக்கு நடுவில் ஐந்து விநாடி சத்தம் இல்லையென்றால் மைக் பழுதாகிவிட்டதோ என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். கத்தோலிக்க நண்பர்கள் நற்கருணை ஆராதனையில் ஒரு மணி நேரம் அப்படியே முழங்காலில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய இறையியல் எல்லாவற்றையும் நான் ஏற்கிறேனா என்பது வேறு விஷயம். அவர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.

மூன்றாவது, பக்கத்தில் இருக்கும் ஆள். இதற்கு ஒரு கதை சொல்ல வேண்டும். 1742இல் இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கூட்டத்தாருக்கு ஜெபவீடு கட்டிய கடன் கழுத்தை நெரித்தது. எப்படி அடைப்பது என்று பேசும்போது ஒருவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்றார். ஏழைகளால் முடியாதே என்றார்கள். பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நானே போய் வாங்குகிறேன், கொடுக்க முடியாதவருக்கு நான் போட்டுவிடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பிரித்துக்கொண்டார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனபோதுதான் எந்த வீட்டில் சண்டை, யார் குடிக்கு அடிமை, யார் ஜெபிப்பதையே விட்டுவிட்டார் என்பதெல்லாம் தெரியவந்தது. வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் 'கிளாஸ் மீட்டிங்' அங்கே பிறந்தது. மெதடிஸ்ட் இயக்கம் பெரிய பிரசங்கங்களால் பரவியது என்று சொல்வார்கள். பரவினதைக் காப்பாற்றியது இந்தச் சின்னக் கூட்டங்கள்தான்.

நம் ஊரில் இதற்கு வீட்டு ஜெபம், செல் குரூப் என்று பல பெயர். நடப்பதைச் சொல்லட்டுமா? ஏழரைக்கு என்றால் எட்டேகாலுக்குத் தொடங்கும். இரண்டு பாட்டு, ஒரு செய்தி, ஜெபக்குறிப்பு கேட்டால் எல்லோரும் ஒன்று மகனுக்கு வேலை என்பார்கள், இல்லை முழங்கால் வலி என்பார்கள். ஒருவரும் தன் ஆத்துமாவைப் பற்றி வாய் திறக்க மாட்டார். அப்புறம் மீஹூன், தே ஓ, வீட்டுக்குப் போய்விடலாம். இதையும் நான் இழிவாகச் சொல்லவில்லை, அந்த மீஹூனில் அன்பு இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கிற நெருக்கம் வேண்டுமானால் இன்னும் சின்ன வட்டம் வேண்டும். இரண்டு மூன்று பேர் போதும். வாரம் ஒருமுறை மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் சரி. இந்த வாரம் எங்கே விழுந்தாய், என்ன வசனம் உன்னோடு பேசியது, யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொள்கிறவர்களாக இருக்க வேண்டும், கேட்டதைச் சபை வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடாதவர்களாகவும் இருக்க வேண்டும். யோவான் 15 ஒரு தனி ஆளுக்குச் சொன்னதல்ல, பதினொரு பேருக்குச் சேர்த்துச் சொன்னது. தனியாக ஹெட்ஃபோனில் ஆராதனைப் பாட்டு கேட்பது அதற்கு மாற்று ஆகாது.

வார நாட்களுக்கு என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஞாயிறு வாசித்த வேதபாடத்திலிருந்து ஒரே ஒரு வசனத்தை அந்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். புதிது புதிதாக தினம் ஒரு வசனம் செல்போனில் வந்து விழுவதை நிறுத்தினாலும் பரவாயில்லை. ஒன்றையே ஏழு நாள் மெல்லுங்கள். சங்கீதங்களைத் தொடர்ந்து படிக்க விரும்பினால் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு முறை இருக்கிறது: 150 சங்கீதங்களையும் காலை, மாலை என்று 30 நாளுக்குப் பிரித்திருப்பார்கள், மாதாமாதம் முழுச் சங்கீதமும் முடியும். முழுவதும் முடியாவிட்டால் காலைப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், கோமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் ரவாங்கிலிருந்து வருகிறவர் முடித்துவிடலாம். உட்கார இடம் இல்லாமல் நசுங்கிக்கொண்டு நிற்கும் நாளுக்குக் கிழக்குத் திருச்சபைகளின் ஒரு வரி ஜெபம் இருக்கிறது: ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவனுடைய குமாரனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும். மூச்சோடு சேர்த்துத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மந்திரம் மாதிரி இருக்கிறதே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுவிசேஷத்தில் எரிகோ வழியோரம் உட்கார்ந்த குருடன் கத்தினதும் வரி வசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்னதும் சேர்ந்ததுதான் இது, மந்திரம் ஒன்றுமில்லை.

வருட முடிவில் நாம் எல்லோரும் வாட்ச் நைட் ஆராதனைக்குப் போய், பன்னிரண்டு மணிக்குத் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்தக் கார்டு எடுப்போம். நல்ல வசனம் வந்தால் போன் கவருக்குப் பின்னால் செருகிக்கொள்வோம், எச்சரிப்பாக ஏதாவது வந்துவிட்டால் முகம் வாடிவிடும். அதே காலத்தில் மெதடிஸ்ட் சபைகளில் உடன்படிக்கை ஆராதனையும் உண்டு, வெஸ்லி 1755இல் தொடங்கியது. நான் இனி என்னுடையவன் இல்லை, உம்முடையவன், என்னை எங்கே வேண்டுமானாலும் வையும், வேலையில் வைத்தாலும் சும்மா இருக்க வைத்தாலும் சரி என்ற பொருளில் சபையார் சேர்ந்து வாக்குக் கொடுப்பார்கள். கார்டு எடுக்கும் ஆராதனைக்குக் கூட்டம் வாசல்வரை நிற்கும். உடன்படிக்கை ஆராதனைக்கு நாற்காலி மிச்சமிருக்கும். இந்த இரண்டாவதற்குப் போங்கள், இயேசுவோடு கொண்ட பந்தத்தில் நம் பக்கத்துப் பேச்சு என்ன என்று அங்கே தெரியும்.

சபை மாறுவதா என்ற கேள்விக்கு வருகிறேன். நண்பர்கள் கூப்பிடும் சபையை நான் குறை சொல்லமாட்டேன். கோலாலம்பூரின் பெரிய ஆங்கில சபைகள் பலவற்றில் வேதத்தை ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கிறார்கள், அம்மாவின் சபையில் பிரசங்கம் சில நேரம் குடும்பக் கதையாகவே முடிவதும் எனக்குத் தெரியும். ஒரு மாதம் போய்ப் பாருங்கள். மேடை விளக்கையும் டிரம்ஸையும் விட்டுவிட்டு இவற்றைக் கவனியுங்கள். வேதாகமம் பிரசங்கத்துக்கு மேற்கோளாக மட்டும் வருகிறதா, ஒரு முழுப் பகுதியாகச் சபையில் வாசிக்கப்படுகிறதா? பாவ அறிக்கைக்கு இடம் இருக்கிறதா? பந்தி எத்தனை நாளுக்கு ஒருமுறை? நோயாளிகளுக்காகவும் நாட்டுக்காகவும் யாராவது ஜெபிக்கிறார்களா, பாட்டும் அறிவிப்பும் மட்டும்தானா? எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் மூன்று வாரம் வராவிட்டால் அங்கே ஒருவருக்காவது தெரியுமா? தமிழ்ச் சபையில் ஒரு வாரம் வராவிட்டாலே ஞாயிறு மதியத்துக்குள் அம்மாவுக்கு நான்கு போன் வந்துவிடும். அது தொல்லைதான். ஆனால் அதே ஆட்கள் உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளுக்குப் பிறகும் ஆங்கில சபைதான் என்று தோன்றினால், அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போங்கள், இரண்டு தோணியில் கால் வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் எந்தச் சபையிலும் பொறுப்பெடுக்காமல் இருக்காதீர்கள். தமிழ்ச் சபையில்தான் இருப்பேன் என்றால், பின்வரிசையில் உட்கார்ந்து குறை சொல்லாமல் வேதபாடம் வாசிக்கவாவது பெயர் கொடுங்கள். ரோமன் எழுத்தில் எழுதிவைத்து வாசித்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். எந்த முடிவானாலும் ஒரு காரியத்தை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள். பெரிய வெள்ளிக்குச் சபாவிலும் சரவாக்கிலும் பொது விடுமுறை உண்டு, தீபகற்பத்தில் இருக்கும் நமக்குக் கிடையாது. கடைசி வாரத்தில் லீவு கேட்டால் கம்பெனியில் கிடைக்காது என்று பாதிப்பேர் சிலுவைத் தியானத்துக்கு வராமலே போகிறார்கள். அடுத்த வருடக் காலண்டரை எடுத்து, பெரிய வியாழன் சாயங்கால ஆராதனைக்கும் வெள்ளிக்கும் சேர்த்து லீவு ஃபாரத்தை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.